ரவாங்கிலிருந்து வந்த இடதுகால் செருப்பு

நான் ஒரு காலத்தில் தமிழ்ச் சமூகத்தின் மானத்தைக் காப்பாற்றும் வேலையில் இருந்தேன். மாதச் சம்பளத்துக்குத்தான். சமூகம் எப்படியோ பிழைத்துக்கொண்டது. என் கையில் அது அதிக நாள் இல்லாததுதான் காரணம் என்று என் மனைவி மரகதம் சொல்வாள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், ஆணியில் ஒற்றைச் செருப்பு ஒன்று தொங்குகிறது. இடதுகால் செருப்பு. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு மரியாதை கருதிக் கூரையைப் பார்ப்பார்கள். யாரும் கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கும் சேர்த்து மரகதம் சொல்லிவிடுவாள். அவள் சொல்லும்போது நான் இருப்பதைவிட இன்னும் கேவலமாகத் தெரிகிறேன். (நடிப்பு வேறு சேர்த்துக்கொள்வாள்.) ஆகையால் நானே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்புறம், ஒரு வாரப் பத்திரிகையில் உதவியாசிரியன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். அதன் பழைய சந்தாதாரர்கள் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். உதவியாசிரியன் என்றால் பெரிய உத்தியோகம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிரியர் ஞானமுத்து ஐயா தலையங்கம் எழுதுவார். அச்சுக்கோக்கிறவர் எழுத்துக் கோப்பார். மற்றதெல்லாம் நான். பசை காய்ச்சுவது உட்பட.

அந்த நாளில் இந்த நாட்டில் நம்மவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது: கிளிங். கலிங்கக் கரையிலிருந்து கப்பலேறி வந்த பழைய வியாபாரிகளுக்கு இட்ட பெயர் என்பார்கள். மலாய்க் கம்பங்களில், அதாவது கிராமங்களில், அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். சீனன் கடை, கிளிங் கடை என்று. இங்கிலீஷ் பத்திரிகையிலும் வரும். மலாக்காவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் கிளிங் என்று ஓர் ஊரே உண்டு. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. அது நம்மை இழிவுபடுத்தும் சொல், இனி வேண்டாம் என்று நம்மவர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். நியாயமான தீர்மானம். இன்றைக்கும் நியாயம்தான். நியாயமான ஒரு காரியமும் ஒரு புட்டி சிவப்பு மையும் சேர்ந்தாற்போல் இருபத்திரண்டு வயதுக்காரன் கையில் அகப்பட்டதுதான் கோளாறு.

எங்கள் பத்திரிகையில் அந்தச் சொல் இனி எந்த இடத்திலும் தலைகாட்டாது என்று சபதம் செய்தேன். எங்கே கண்டாலும் அடித்துவிட்டு, மேலே 'இந்தியர்' என்று எழுதினேன். செய்தியில் அடித்தேன். கதையில் அடித்தேன். ஒரு கலியாண விளம்பரத்தில் கூட அடித்தேன். தஞ்சோங் கிளிங்கில் நடக்க வேண்டிய முகூர்த்தம் 'தஞ்சோங் இந்தியர்' என்ற ஊரில் நடப்பதாக அச்சாகிவிட்டது. பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர், மலாக்கா ஸ்டேஷனில் அந்த ஊருக்கு வழி கேட்டுக் கேட்டு அலைந்து, தாலி கட்டி முடிந்து, பந்தியில் ரசம் போகும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஞானமுத்து ஐயா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஊர் பேர மாத்துறதுக்கு கவர்மெண்ட் இருக்கு. உங்களுக்கு ஏன் அந்தச் சிரமம்?" என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர் மலேரியாவில் படுத்துவிட்டார். முழு இதழும் என் பொறுப்பு. அந்த வாரம்தான் அஞ்சலை வந்தாள்.

கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டுகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் ரயிலைப் பிடித்துக் கோலாலம்பூர் வந்து, ஸ்டேஷனிலிருந்து விசாரித்து விசாரித்து நடந்து வந்திருந்தாள். சேலையில் புளித்த ரப்பர் பால் வாடை. வாசலில் நின்று, "இங்க பேப்பர்ல எழுதுறவரு யாருங்க?" என்று கேட்டாள். நான் எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்தேன். அவள் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"நான்தான் அம்மா."

"நீங்களா?" என்றாள். பிறகு வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். "சரி, எழுதுங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்றேன். ஒம்பது வருசமா ஒரே தோட்டம். முந்தாநாளு பால் நிறுக்குற கொட்டாயிக்கு ரெண்டு நிமிசம் பிந்திப் போனேன். கால்ல முள்ளு. சின்னதொரை நின்னுக்கிட்டு இருந்தாரு. பூட்ஸால என் வாளிய ஒரு தட்டுத் தட்டி, 'ஏய் கிளிங், வாடி இங்க'ன்னாரு. எம் புருசன் முன்னால. எம் மக முன்னால."

"பிறகு?"

"பிறகு என்ன. வாளிய அவரு காலுகிட்டயே வெச்சிட்டுத் திரும்பி நடந்துட்டேன். வெச்ச வேகத்துல கொஞ்சம் சிந்துச்சு. பூட்ஸ்ல பட்டுச்சு. நான் வேணும்னு ஊத்துனேன்னு எழுதிட்டாங்க. வேலையும் போச்சு. மாசக் கடைசிக்குள்ள லயத்து ரூமக் காலி பண்ணணுமாம். மூணு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போவேன்? லேபர் ஆபீசுல பிராது குடுத்திருக்கேன். உங்க பேப்பர்லயும் வந்தா அவங்களுக்கு ஒரு பயம் இருக்கும்."

எழுதிக்கொண்டே வந்தேன். எழுந்து போகும்போது அவள் மேசையில் விரலை வைத்து அழுத்திச் சொன்னாள்:

"அவரு சொன்னத அப்படியே போடுங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க."

"மாற்றமாட்டேன் அம்மா" என்றேன்.

அவள் போனதும் சிவப்பு மையைத் திறந்தேன்.

இதை எழுதும்போது இன்றும் என் காது சூடேறுகிறது. என்ன நினைத்தேன் என்று கேட்டால், நல்லதுதான் நினைத்தேன். ஒரு தமிழ்ப் பெண்ணை அந்தச் சொல்லால் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை இழிவுபடுத்தினான். அதையே நாமும் அச்சில் போட்டு ஆயிரம் பேர் கண்ணில் காட்டுவதா? (ஆயிரம் பேர் என்பது என் கற்பனை. எங்களுக்கு அவ்வளவு வாசகர்கள் என்றுமே இருந்ததில்லை.) ஆகவே வெள்ளிக்கிழமை இதழில் அவள் கடிதம் இப்படி வந்தது:

'சின்னதுரையவர்கள் என்னை நோக்கி, "இந்தியப் பெண்மணியே, இங்கே வருக" என்று அழைத்தார். அதைக் கேட்டு என் உள்ளம் கொதித்தது. உடனே பால் வாளியை அவர் பாதங்களில் வைத்துவிட்டு வெளியேறினேன்.'

நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு முறை படித்தேன்.

பத்து நாள் கழித்து லேபர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கிள்ளானில் விசாரணை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் யாரும் சாட்சி சொல்லத் துணியவில்லை. புருஷன் சொல் எடுபடாது. சம்பவம் நடந்த மூன்றாம் நாளே அவள் சொல்லக் கேட்டு எழுதியவர் பத்திரிகையோடு வரவேண்டும் என்று உத்தரவு. ஞானமுத்து ஐயா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடியே சொன்னார்: "தம்பி, அந்தப் பொம்பளைக்கு இப்ப இருக்குற ஒரே பிடி நம்ம பேப்பர்தான். பத்திரமா கொண்டு போங்க." ஜுரத்தில் அவர் அந்த இதழைப் படித்திருக்கவில்லை.

வெள்ளை டிரில் கால்சட்டை, மூடிய கோட்டு, மடியில் இதழ். கிள்ளான் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சமூகத்துக்காகச் சிறை போகிறவன் போல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு புடவை வியாபாரி, மூட்டைமேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். பெருமை தாங்காமல் அவருக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

அவர் கவனமாகக் கேட்டார். "அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதான்."

"இல்லே தம்பி, அந்தத் தொர என்ன தப்பு செஞ்சாருன்னு கேக்குறேன்."

"இதோ, அழைத்தாரே."

"மரியாதையாத்தானே கூப்பிட்டிருக்காரு? பெண்மணியே, வருகன்னு. எம் பொண்டாட்டிய ஒரு வெள்ளைக்காரன் அப்படிக் கூப்பிட்டா நான் மாலை வாங்கிப் போடுவேன். இந்தப் பொம்பளதான் சரியில்ல. நல்லா பேசுன மனுசன் கால்ல பால ஊத்திட்டு வந்திருக்கா."

மறுபடி படித்தேன். எந்தப் பக்கம் திருப்பிப் படித்தாலும், அவள் உள்ளம் கொதிப்பதற்கு அந்தத் தாளில் ஒரு காரணமும் இல்லை. காரணத்தை நான்தான் சிவப்பு மையால் அடித்திருந்தேன். இழிவை மறைக்கிறேன் என்று, இழிவுக்கு இருந்த ஒரே சாட்சியைக் கழுவித் துடைத்து, தலைசீவிப் பொட்டு வைத்து அனுப்பியிருந்தேன். கைப்பிரதியாவது இருக்கிறதா? நான் பசை காய்ச்சும்போது அடுப்புப் பற்றவைக்கப் பழைய கைப்பிரதிகளைத்தான் உபயோகிப்பது. நல்ல பசை அது.

பத்துத்தீகா போயிற்று. படாங் ஜாவா போயிற்று. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். ஒவ்வொரு தடவையும் வியாபாரி, "கிள்ளான் இது இல்ல தம்பி, உக்காருங்க" என்று அன்போடு உட்காரவைத்தார். கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. அதிகாரி வெள்ளைக்காரர். தமிழ்க் கடிதத்தை நான்தான் அவருக்கு இங்கிலீஷில் சொல்லவேண்டும். சொல்லும்போது அந்தச் சொல்லைத் திரும்ப உள்ளே நுழைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? உயிர் திரும்பி வந்தது.

லேபர் ஆபீஸ் வாசலில் வயதான மலாய்ப் பியூன் ஒருவர் நின்றிருந்தார். பாக் ஹசான் என்று பெயர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே திரும்பி, "கிளிங் சூராட் காபார் சூடா சம்பாய்!" என்று கூவினார். பத்திரிகைக்காரக் கிளிங் வந்தாயிற்று என்று அர்த்தம். கூடவே எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பயந்துபோயிருக்கிற மனிதனுக்குக் கொள்கை ஞாபகம் வரக்கூடாது. எனக்கு வந்தது. அந்தச் சொல்லை வாபஸ் வாங்கினாலொழிய உட்காரமாட்டேன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பிரசங்கம் செய்தேன். அவர் பாதி கேட்டார். என்ன தப்பு என்று அவருக்குப் புரியவில்லை. நான் உட்காரமாட்டேன் என்பது மட்டும் புரிந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஏன் தம்பி அவருகிட்ட சண்டைக்கு நிக்கிறீங்க?" என்று பின்னால் ஒரு குரல். அஞ்சலை. மரத்தடியில், புருஷனோடும் பெரிய மகளோடும். "காலையிலேருந்து நிக்கிறோம்னு அவருதான் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரு."

அவளிடம் சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன். "அம்மா, அந்தக் கடிதத்தில் ஒரு சிறிய..."

"பேப்பர வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள். முந்தானையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நாலாக மடித்து, மடிப்புகள் நைந்திருந்தன. "எங்க லயத்துல படிக்கிற ஆளு கிடையாது. இருந்தா என்ன, நான் சொன்னதுதானே. 'ஆத்தா சொன்னது அப்படியே அச்சுல இருக்கு, எவனும் மாத்த முடியாது'ன்னு எம் மக கிட்ட சொல்லியிருக்கேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் குனிந்து என் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் அதிகாரி. ஒரு பக்கம் சின்னதுரை, கால்மேல் கால் போட்டு, பூட்ஸ் நுனியை ஆட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி அருளப்பன், கணக்குப் புத்தகமும் கழுத்துப்பட்டையுமாக. நம்மவர்தான். அஞ்சலை அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் பார்க்கவில்லை.

நான் முன்னே போய், இதழை விரித்து, தொண்டையைச் செருமி இங்கிலீஷில் ஆரம்பித்தேன்.

அதிகாரி கையை நீட்டினார். "இங்கே கொடும்" என்றார் தமிழில். "யாம் தமிழ் கற்றுளோம். நாமே வாசிப்போம்."

சென்னையில் யாரோ ஒரு பண்டிதரிடம் படித்திருக்கிறார். கல்வெட்டு எழுந்து வந்து பேசுவது போல் பேசினார். நாற்காலி இல்லாததால் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாக, ருசித்து வாசித்தார். "இந்தியப் பெண்மணியே, இங்கே வருக." நிமிர்ந்தார். "செம்மையான தமிழ். நாமும் ஒரு பெண்ணை இவ்வாறே விளிப்போம். இதில் குற்றம் யாது?"

அஞ்சலை மெதுவாகக் கேட்டாள்.

"தொரை, இது யாரு எழுதுன கடுதாசி?"

"உன்னுடையது."

"என்னுது இல்லீங்களே." அவள் முந்தானையிலிருந்த தாளை எடுத்து, அதில் வேறு ஏதாவது இருக்குமோ என்பது போல் விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மகளும்.

"துரை, கடிதத்தில் ஒரு சொல்லை நான் மாற்றினேன்" என்றேன்.

"எச்சொல்லை?"

"அதை நான் சொல்ல முடியாது."

"ஏன்?"

"எங்கள் பத்திரிகையின் கொள்கை."

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. "சொல்லாத சொல்லை யாம் எங்ஙனம் எழுதுவது?"

சொன்னேன். அதாவது உதட்டை அசைத்தேன்.

"உரக்க."

"கிளிங்" என்றேன். ஏழு மாதமாக அடித்து அடித்துப் பழகியவன் வாயில் அது எப்படி வரும்? ரயில் டிக்கெட் கேட்பது போல் வந்தது.

"தஞ்சோங் கிளிங் எனும் ஊர் போலவா?" என்றார் அதிகாரி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பி.

சின்னதுரை சிரித்தே விட்டார். தாம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம், மறுக்கவில்லை என்றார். இந்த ஜனங்களுக்கு இந்த நாட்டில் வழங்கும் பெயரே அதுதானே? கிராணி அருளப்பனுக்குக் கண் காட்டினார். அருளப்பன் எழுந்து, பாடம் ஒப்பிப்பது போல் சொன்னார்: பூகோளப் படத்தில் இருக்கிறது, இங்கிலீஷ் பத்திரிகையில் இருக்கிறது, இந்த ஆபீஸ் பியூன்கூட இன்று காலை இதே சாட்சியை அப்படித்தான் கூப்பிட்டார், அதற்குச் சாட்சி ரகளை செய்தார், வேண்டுமானால் பியூனையே கேட்கலாம். தோட்டத்தில் அது சாதாரணப் பேச்சு; அதில் கோபமோ இழிவோ கிடையாது. தாம் பதினோரு வருஷமாகப் பார்த்துவருவதாகச் சொன்னார்.

பாக் ஹசானைக் கூப்பிட்டார்கள். ஆமாம், அப்படித்தான் கூப்பிட்டேன் என்றார். "கிளிங்கைக் கிளிங் என்று கூப்பிடாமல் வேறெப்படிக் கூப்பிடுவது? என்னை மலாய்க்காரன் என்று கூப்பிடுகிறார்களே. இந்தச் சாட்சிக்கு அது மனதைப் புண்படுத்தும் என்று தெரிந்திருந்தால் பெயரைக் கேட்டிருப்பேன் லா." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலி இன்னும் கிடைக்காது என்று தெரிந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். வாசலில் நான் ஊதிப் பெரிதாக்கிய சண்டையே இங்கே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. சொல் எங்கே வந்தாலும் ஒன்றுதான் என்று சாதித்தவன் நான். சின்னதுரையும் அதையேதான் சாதித்தார்! அவர் எங்கேயும் குற்றமில்லை என்றார், நான் எங்கேயும் குற்றம் என்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அஞ்சலையின் வீட்டைப் பறித்துக்கொண்டிருந்தோம்.

அதிகாரி பேனாவை மையில் தோய்த்தார். "சொல் ஒன்றே. அவர் சொல்லின் பொறுத்தாய். இவர் சொல்லின் வெகுண்டாய். இதற்கு உன் விடை யாது?"

அஞ்சலை யோசிக்கவே இல்லை. "சொல்லு ஒண்ணுதான் தொரை. பாக் ஹசான் அப்படிக் கூப்பிட்டுட்டுத் தேத்தண்ணிய நீட்டுனாரு. இவரு அப்படிக் கூப்பிட்டுட்டுப் பூட்ஸ நீட்டுனாரு."

"எவ்வாறு அழைத்தார்? காட்டுக."

"காட்டலாமுங்களா?"

"காட்டுக."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசையடியில் குப்பைத்தாள் கூடை ஒன்று இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். "தம்பி, நீங்கதான் நானு. இது வாளி. ரெண்டு நிமிசம் பிந்தி வர்றீங்க. கால்ல முள்ளு."

நொண்டிக்கொண்டு இரண்டடி வந்தேன். (எதற்கு நொண்டினேன் என்று கேட்காதீர்கள். செய்த பாவத்துக்கு அதாவது ஒழுங்காகச் செய்வோம் என்று தோன்றியது.) அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். முகவாயைத் தூக்கினாள். கண்ணைப் பாதி மூடி, என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தாள். பிறகு காலால் கூடையில் ஒரு தட்டுத் தட்டி,

"ஏய், கிளிங்! வாடி இங்க!"

அந்தக் குரல் அவளுடையதே அல்ல. சாட்டை சொடுக்கியது போல இருந்தது. கூடை பறந்தது. நான் பின்வாங்கி, சுவரோரம் இருந்த சின்ன மேசையில் இடித்து, அதன்மேலிருந்த மைப்புட்டியோடு தரையில் உட்கார்ந்தேன். வெள்ளை டிரில் கால்சட்டை நீலமாயிற்று. யாராவது சிரித்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதே நொடியில் அறையின் மறுபக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சென்று நகர்ந்தது.

"எஸ் சார்!"

கிராணி அருளப்பன் எழுந்து நின்றிருந்தார். கணக்குப் புத்தகம் கீழே கிடந்தது. கைகள் இரண்டும் கால்சட்டைத் தையலோடு ஒட்டியிருந்தன. தலை குனிந்திருந்தது. கூப்பிட்டது யார் என்று அவர் பார்க்கக்கூட இல்லை. உடம்பு தானாக எழுந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். மறுபடி உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"உம்மை யாரும் அழைக்கவில்லையே" என்றார் அதிகாரி, மிக மெதுவாக.

"இல்லை சார். பழக்கம் சார்" என்றார் அருளப்பன்.

பூட்ஸ் ஆடுவது நின்றிருந்தது. அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார். பேனா கீறும் சத்தம் தவிர வேறொன்றுமில்லை. மைக்குளத்தில் உட்கார்ந்தபடி நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகு, எழுதுகிற சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக என்றுமே கேட்டதில்லை.

அஞ்சலைக்கு வேலையும் தங்கியது, லயத்து ரூமும் தங்கியது. சின்னதுரையைச் சில மாதத்தில் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். (பதவி உயர்வோடு. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

வெளியே மரத்தடியில் அருளப்பன் சுருட்டுப் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். நெருப்புக்குச்சி மூன்று அணைந்தது. அஞ்சலை அவரைக் கடந்தபோது, தலை நிமிராமல், "அப்படியேதான் இருந்துச்சு அஞ்சல. குரலுகூட" என்றார். அவள் நின்று, தீப்பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரே உரசில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

என்னிடம் வந்ததும் அவள் குரல் மாறிற்று. "தம்பி, நல்ல மனசுலதான் மாத்தியிருப்பீங்க. அந்தச் சொல்லு எனக்கு விழுந்த அடி. அடிச்சவன் தழும்ப மறைக்கலாம். நீங்க ஏன் மறைச்சீங்க?" பதில் சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க. எம் மக கிட்ட அச்சுல இருக்குன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் அச்சுல இருக்கணும்."

கதை இங்கே முடிந்திருந்தால் என் வீட்டுச் சுவரில் ஆணி வேலை இருந்திருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பி ஞானமுத்து ஐயாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் ஜுரத்தோடு சிரித்து, இருமி, "முழுசா எழுதிப் போடுங்க தம்பி. என்ன நடந்துச்சு, நீங்க என்ன செஞ்சீங்க, எல்லாம்" என்றார். முழுசாக எழுதினால் என் முட்டாள்தனம் இரண்டு பத்தி வரும். இருபத்திரண்டு வயதில் அதற்குத் தைரியமில்லை. ஆகவே அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், தலைவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில் இதை மட்டும் போட்டேன்:

'திருத்தம்: முன் இதழில் "இந்தியப் பெண்மணியே, இங்கே வருக" என்றிருப்பதை, "ஏய் கிளிங், வாடி இங்க" என்று திருத்தி வாசிக்கவும்.'

யார், யாரை, எப்போது, எதற்காக என்று ஒரு விவரமும் இல்லை. முன் இதழ் யாரிடமும் இல்லை. கடைக்காரர்கள் அதில் மிளகாய் மடித்துக் கொடுத்திருந்தார்கள். வாசகர்கள் கண்டது ஒன்றுதான். தமிழர் மானம் காக்கும் பத்திரிகை, இந்தியப் பெண்மணிகளை இனிமேல் எப்படி அழைக்க வேண்டும் என்று அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது.

திங்கட்கிழமை தபால்காரர் இரண்டு கையாலும் சுமந்து வந்தார். செந்தூலில் கண்டனக் கூட்டம். கிள்ளானில் ஒரு மாதர் சங்கம் என்னைத் தனியாகச் சந்திக்க விரும்பியது. சந்தாவை நிறுத்தியவர்களில் அதுவரை சந்தா கட்டாத இரண்டு பேரும் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ரவாங் என்ற ஊரிலிருந்து ஒரு பொட்டலம். உள்ளே ஒரு செருப்பு, இடதுகால். கூடவே அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு: 'இதன் ஜோடியை நேரில் வந்து தருகிறேன்.'

ஞானமுத்து ஐயா அடுத்த வாரம் தாமே உட்கார்ந்து இரண்டு பத்தியும் எழுதினார். ஒன்றும் விடவில்லை. ரசம் பரிமாறும் நேரத்துக்கு வந்த பெரியப்பாவைக்கூட விடவில்லை. அதே சொல் அதில் நாலு தடவை வந்தது. ஒருவரும் கோபிக்கவில்லை. சிலர் எனக்கு அனுதாபம் தெரிவித்து எழுதினார்கள், அதுதான் செருப்பைவிட வலித்தது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கலியாணம். அஞ்சலை குடும்பத்தோடு வந்திருந்தாள். பெண் வீட்டார் நடுவில் உட்கார்ந்து, கூடை ஒன்றைக் கேட்டு வாங்கி, விசாரணையை முழுதாக நடித்துக் காட்டினாள். நான் விழும் இடத்தை இரண்டு முறை. மணவறையில் மரகதம் தலைகுனிந்து குலுங்கியதைக் கண்டு, பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று எல்லோரும் உருகினார்கள்.

இப்போது எனக்குப் பெண்கள் மூன்று. நான் உள்ளே இருந்து காப்பிக்குக் குரல் கொடுத்தால், அது கொஞ்சம் அதிகாரமாக விழுந்துவிட்டால், மூன்றும் ஒன்றாகக் கூடத்திலிருந்து கூவும்: "இந்தியப் பெண்மணியே, வருக!" மரகதம் அசையமாட்டாள். நானே எழுந்து போய் எடுத்துக்கொள்வேன். போகிற வழியில் செருப்பு தொங்கும்.

ரவாங்காரர் இதுவரை வரவில்லை. நேற்று இந்தக் கட்டுரையை மரகதத்திடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து, அந்தச் சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று விரல்விட்டு எண்ணினாள். பிறகு எழுந்துபோய், நாள்காட்டிக்கு மறுபக்கம் இன்னோர் ஆணி அடித்தாள்.